நடுவுல கொஞ்சம் மோட்டார்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி புடுங்கற வேலை கம்மி. சும்மா இருந்தா கை அரிக்குமே. பரண்ல கிடந்த பழைய ரிமோட் காரை எடுத்துப் பிரிச்சேன். நிஜக் கார்ல பத்துல ஒரு பங்கு சைஸ், பின் சக்கரம் ரெண்டும் தள்ளற வண்டி, மண்ணுல ஓட்டற பக்கி. (பக்கின்னா திட்டு இல்லீங்க, அந்த வகைக்கே அதான் பேரு.) அதுல மோட்டார் பின் அச்சுக்கும் பின்னாடி வால் மாதிரி தொங்கும். அதை அச்சுக்கு முன்னாடி, வண்டியோட நடுவுக்குக் கொண்டு வரணும்னு ஆசை. கியர்பாக்ஸைக் கழட்டி, முன்பின்னா திருப்பி, சேஸியில புதுசா நாலு ஓட்டை போட்டு மாட்டியாச்சு. நாமதான் இஞ்சினியராச்சே!

ரிமோட்டை அமுக்கினேன். வண்டி ஜோரா ரிவர்ஸ்ல போச்சு.

கியர்பாக்ஸைத் திருப்பினா சக்கரம் சுத்தற திசையும் திரும்பும்ங்கறது, நாலு வருஷம் படிச்சு வாங்கின டிகிரிக்கு அப்புறமும் தோணல பாருங்க. ஒண்ணு, மோட்டாரை எதிர்த்திசையில சுத்த விடணும். இல்லேன்னா உள்ளே இன்னொரு கியர் சேர்க்கணும். என்னுது பழைய பிரஷ் மோட்டார். ஒயரை மாத்திப் போட்டேன், நேரா போச்சு. ஆனா பக்கத்து காலி மனையில விட்டா, புழுதியில சக்கரம் சும்மா சுத்துதே தவிர வண்டி நகர மாட்டேங்குது. "நிஜ ரேஸ் கார்ல எல்லாம் இஞ்சின் நடுவுலதானே இருக்கு, அப்புறம் ஏன் இது மட்டும்?"னு கடுப்பாகி, பழைய கதையை எல்லாம் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல பெரிய கார். 1930கள்ல ஜெர்மனியோட ஆட்டோ யூனியன், ஃபெர்டினாண்ட் போர்ஷ வடிவமைச்ச 16 சிலிண்டர் இஞ்சினை டிரைவருக்குப் பின்னாடி வச்சு ஓட்டினாங்க. அசுர வேகம், ஆனா ஓட்டறவனுக்கு எமன். டிரைவர் ரொம்ப முன்னாடி உட்கார்ந்திருந்ததால வால் வழுக்கறது லேட்டாத்தான் தெரியும். மோட்டார்சைக்கிள் ரேஸ்லேர்ந்து வந்த பெர்ண்ட் ரோஸ்மேயர் அதை அடக்கி 1936ல ஐரோப்பிய சாம்பியன் ஆனார். 1938ல அவரும் ஒரு வேக சாதனை முயற்சியில செத்துப்போனார். யுத்தத்துக்கு அப்புறம் கிராண்ட் பிரீல எல்லாரும் பழையபடி முன்னாடியே இஞ்சினை வச்சுக்கிட்டாங்க.

அதை மாத்தினது பெரிய கம்பெனி எதுவும் இல்லை. லண்டன் பக்கம் சர்பிடன்ல கராஜ் வச்சிருந்த சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும். 1946ல, எதுவுமே கிடைக்காத காலத்துல, ரெண்டு பழைய ஃபியட் கார்களோட முன்பாதியை ஒட்டவச்சு ஒரு குட்டி ரேஸ் கார் பண்ணாங்க. இஞ்சின் 500 சிசி ஜாப் மோட்டார்சைக்கிள் இஞ்சின். அதுல செயின்தானே? செயின் எட்டற தூரத்துல பின் அச்சு இருக்கணும், அதனால இஞ்சின் சீட்டுக்குப் பின்னாடி. அவ்ளோதாங்க தத்துவம்! விஞ்ஞானப் புரட்சி எதுவும் நினைச்சுப் பண்ணலை, அதான் வசதியா இருந்துச்சுன்னு ஜான் கூப்பரே பின்னாடி ஒத்துக்கிட்டார்.

அந்த வசதி 1958 ஜனவரியில அர்ஜென்டினா வரைக்கும் போச்சு. ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டின கூப்பர்ல 2 லிட்டருக்கும் கம்மியான இஞ்சின். எதிரே ஃபெராரிக்கு 2.4 லிட்டர். கூப்பர் சக்கரத்துக்கு நாலு போல்ட், கழட்டி மாட்ட நேரமாகும். எப்படியும் டயர் மாத்த நிப்பான்னு ஃபெராரி அசால்ட்டா இருந்தாங்க. மாஸ் நிக்கவே இல்லை. டயர்ல ரப்பர் தேய்ஞ்சு உள்துணி தெரியத் தெரிய ஓட்டி 2.7 செகண்ட்ல ஜெயிச்சார். 1959லயும் 1960லயும் ஜாக் பிரபாம் கூப்பர்ல உலக சாம்பியன். குதிரை வண்டியை இழுக்கணுமே தவிர தள்ளக்கூடாதுன்னு சொன்னதா கதையாகிப்போன என்ஸோ ஃபெராரியே 1961ல இஞ்சினைப் பின்னாடி கொண்டு போய், அந்த வருஷ பட்டத்தையும் அடிச்சார்.

நடுவுல வச்சா என்ன லாபம்? ரெண்டு குடத்தைக் காவடித் தண்டோட ரெண்டு முனையில தொங்கவிட்டுட்டு சட்டுனு திரும்பிப் பாருங்க. அப்புறம் அதே குடங்களை இடுப்போட அணைச்சுக்கிட்டு திரும்புங்க. வித்தியாசம் புரியும்.

இவ்ளோ தெரிஞ்சும், 1984ல கலிஃபோர்னியாவோட டீம் அசோசியேட்டட் ஆர்சி10ஐ வெளியிட்டப்போ மோட்டாரை வால்லதான் தொங்கவிட்டாங்க. அடுத்த வருஷமே அந்த வண்டி உலகப் பட்டம் வாங்குச்சு. கால் நூற்றாண்டுக்கும் மேல மத்தவங்களும் பெரும்பாலும் அதே வழி. "கூப்பர் சொல்லிக்கொடுத்தது இவங்களுக்கு உறைக்கலையா?"ன்னுதான் முதல்ல நானும் நினைச்சேன்.

தப்பு. எவனோ எழுதின பழைய கோடைப் பார்த்து "எந்த மடையன்டா இது"ன்னு திட்டிட்டு, அந்த வரியை அழிச்சதும் சர்வர் படுத்துடும் இல்லையா, அந்தக் கதைதான். ஆர்சி10 பிறந்தது புழுதி மண்ணுல ஓடறதுக்கு. உதிரி மண்ணுல பின் சக்கரம் பிடிக்கணும்னா மேலேர்ந்து ஏதாவது அமுக்கணும். மொத்த வண்டியே ஒன்றரை கிலோ சொச்சம். அதுல 150, 200 கிராம் மோட்டார் அச்சுக்குப் பின்னாடி தொங்கினா, முன் சக்கரத்துப் பாரத்துலயும் கொஞ்சத்தைப் பின்னாடி இழுத்துக் கொடுக்கும்.

மாறினது தரைதான். ஐரோப்பாவுல செயற்கைப் புல், கார்பெட் தளங்கள் வந்துச்சு. அமெரிக்காவுல இறுகின களிமண் தளங்கள். பிடிமானம் தாராளமா கிடைச்சதும் வாலோட பாரம் வளைவுல தொந்தரவாப் போச்சு. தட்டையான லிப்போ பேட்டரி வந்ததும் நடுவுல இடமும் கிடைச்சுது. என்னை மாதிரி (ஆனா என்னைவிட விவரமான) ஆளுங்க கராஜ்ல உட்கார்ந்து கியர்பாக்ஸைத் திருப்பினாங்க. கம்பெனிகள் அப்புறம்தான் வந்தாங்க. 2011ல வந்த டிஎல்ஆர் 22 கிட்ல மோட்டாரைப் பின்னாடியும் வைக்கலாம், நடுவுலயும் வைக்கலாம். ஓட்டப்போற தரையைப் பார்த்து நீயே முடிவு பண்ணிக்கோன்னு விட்டுட்டாங்க. இன்னிக்கு போட்டிக்கு வர்ற ரெண்டு சக்கர இழுவை வண்டிகள் பெரும்பாலும் மிட் மோட்டார்தான்.

நம்ம காலி மனையில கார்பெட் கிடையாதே. ஞாயித்துக்கிழமை மோட்டாரைப் பழைய இடத்துலயே மாட்டிட்டேன். புழுதி பறக்குது.

டிஸ்கி: சேஸியில போட்ட நாலு ஓட்டை வழியா மண்ணு உள்ளே போகுது. எம்-சீல் வாங்கப் போறேன்.