சதுரங்கத் தரப்புள்ளியும் ஆட்டத்திறன் வளர்ச்சியும்

சதுரங்கத் தரப்புள்ளி என்பது, ஓர் ஆட்டக்காரர் தம் காலத்துப் பிற ஆட்டக்காரர்களுடன் ஆடினால் எவ்வளவு வெற்றி பெறுவார் என்பதைக் கணிக்கும் எண் ஆகும். அங்கேரியில் பிறந்த அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ஆர்பாட் எலோ வகுத்த இம்முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு (ஃபிடே) 1970இல் ஏற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டில் மூன்று தலைமுறைகள்

மானுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனபோது ஃபிடே தரப்பட்டியலே இல்லை. 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான விசுவநாதன் ஆனந்த், 2011 மார்ச்சில் 2817 புள்ளிகளை எட்டினார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக வாகையரான குகேஷ், அதே ஆண்டு அக்டோபரில் பெற்றிருந்தது 2794. இதனால் குகேஷ் 23 புள்ளி அளவுக்குத் திறன் குறைந்தவர் என்று கூறலாமா? கூற இயலாது.

எண் அளப்பது எதை?

இருவருக்கிடையே 200 புள்ளி வேறுபாடு இருந்தால், உயர்ந்தவர் 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளி எடுப்பார் என்பது கணக்கு. வேறுபாடு மட்டுமே இங்குப் பொருளுடையது. வகுப்பில் எல்லோரும் முன்னிலும் நன்றாகப் படித்தாலும் முதலிடம் ஒன்றுதான். அதுபோல எல்லோரும் சமமாக வளர்ந்தால் தரப்புள்ளிகள் மாறா.

ஏற்றமும் இறக்கமும்

வேகமாக வளரும் சிறுவரிடம் தோற்கும் பெரியவர், தம் திறன் குறையாமலே புள்ளி இழக்கிறார். இதை ஈடுசெய்ய, 18 வயதுக்குட்பட்டு 2300க்குக் கீழுள்ளோருக்குப் பெருக்கெண் 40 எனவும், 2400ஐ எட்டாத மற்றவர்களுக்குப் பொதுவாக 20 எனவும் வைக்கப்பட்டுள்ளது. 1600 புள்ளியுள்ள சிறுவர் 1800 புள்ளியுள்ள பெரியவரை வென்றால் சிறுவருக்கு 30 கூடும். பெரியவருக்கு 15 குறையும். ஆயினும் கீழ்மட்டப் புள்ளிகள் தாழ்ந்தே இருந்ததால், 2024 மார்ச்சில் 2000க்குக் கீழுள்ளோரின் புள்ளிகளை ஃபிடே உயர்த்தியது. அதன்படி 1500 என்பது 1700 ஆனது. ஒரே நாளில் 200 புள்ளி கூடினாலும், எவருடைய ஆட்டமும் அன்று மாறிவிடவில்லை.

நகர்வுகளின் சான்று

திறனை நேரடியாக அறிய, ஆடிய நகர்வுகளையே சோதிக்க வேண்டும். கென்னத் ரீகன், கை ஹவொர்த் ஆகியோர் 2011இல் கணினி கொண்டு பல பத்தாண்டு ஆட்டங்களை ஆராய்ந்தனர். 1970களுக்குப் பின் தரப்புள்ளிகள் குறிப்பிடத்தக்க அளவில் வீங்கவில்லை என்பது அவர்களின் முடிவு. 1972இல் 2700ஐத் தாண்டியிருந்தவர் பாபி ஃபிஷர் (2785) ஒருவரே. இன்று அவ்வெல்லைக்கு மேல் பலர் உள்ளனர். எனவே இந்த எண்ணிக்கைப் பெருக்கம் வெறும் வீக்கம் அன்று; பெரும்பாலும் உண்மையான வளர்ச்சியே.

ஆனால் தனிமனிதரை ஒப்பிடுகையில் எச்சரிக்கை தேவை. 1962இல் ஸ்டாக்ஹோமில் போர்டிஷ், ஊல்மன் ஆகியோரை வென்ற ஆரோனின் திறனுக்கு அக்காலத் தரப்புள்ளி எதுவும் சான்றாக இல்லை. அவர் ஆடிய ஆட்டங்களே சான்று.