சாட்சி கைமாறிய வரலாறு: நிலவுப் பயண ஐயமும் இந்தியச் சான்றுகளும்

நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் பதித்தபோது இந்திய நேரம் 1969 ஜூலை 21, திங்கட்கிழமை காலை 8.26. அப்போது சாந்தோம் கடற்கரையில் நின்றவருக்கு நிலவே தெரிந்திருக்காது. அரைவட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த அந்த வளர்பிறை முற்பகலில்தான் கடலுக்கு மேல் எழும். சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததும் 1975 ஆகஸ்ட் 15இல்தான். ஆகவே இந்நகரம் அந்நிகழ்வை வானொலியில் கேட்டது, நாளிதழில் படித்தது, நேரலையாகக் காணவில்லை. இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. நிலவுப் பயணமே நாடகம் என்ற வாதம் பெரும்பாலும் படங்களைப் பற்றிய வாதம். பயணம் நடந்ததற்கான வலுவான சான்றுகளோ படங்களுக்கு வெளியே கிடக்கின்றன. அவற்றுள் சில இந்தியர் கைவழியாகவும் வந்திருக்கின்றன என்பது இங்கே அதிகம் பேசப்படுவதில்லை.

ஐயம் நூல்வடிவம் பெற்றது 1976இல், ராக்கெட் எந்திர நிறுவனமொன்றில் முன்பு தொழில்நுட்ப எழுத்தராக இருந்த பில் கேசிங் தாமே வெளியிட்ட புத்தகத்தில். போலிச் செவ்வாய்ப் பயணத்தைக் கதையாக்கிய ‘கேப்ரிகார்ன் ஒன்’ திரைப்படம் அதற்கு உருவம் தந்தது. 2001 பிப்ரவரியில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய நிகழ்ச்சி அதை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கேள்விகளும் அன்றைய கேள்விகளே. கொடி ஏன் விரிந்து நின்றது? மேல்விளிம்பில் குறுக்குக் கம்பி இருந்தது. விண்மீன்கள் ஏன் இல்லை? வெயிலில் பளிச்சிடும் தரைக்கு ஏற்பக் கேமரா இமைப்பொழுதே திறந்தது. மங்கிய ஒளி அதில் பதியாது. நிழல்கள் ஏன் இணையாக இல்லை? காலை வெயிலில் மேடுபள்ளமான கடற்கரை மணலில் இரண்டு கம்புகளை நட்டுப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

பாறைகளின் கதை வேறு. ஆறு அப்போலோ பயணங்களில் நிலவிலிருந்து வந்தவை சுமார் 382 கிலோ. அவற்றின் மாதிரிகள் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் வந்தன. தேவேந்திர லால் குழுவினர் அவற்றை ஆராய்ந்தார்கள், வி. எஸ். வெங்கடவரதன் அக்குழுவில் ஒருவர். விண்வெளியிலிருந்து பாயும் இரும்பு போன்ற கனத்த அணுக்கருக்கள் படிகங்களில் நுண்ணிய தடங்களைக் கீறிச் செல்லும். வேதிப்பொருளால் அரித்தால் அவை நுண்ணோக்கியில் தெரியும். மேற்பரப்பில் அடர்ந்தும் ஆழம் போகப்போகக் குறைந்தும் காணப்படும் அத்தடங்கள் பல இலட்சம் ஆண்டுகளில் சேர்ந்தவை. காற்றுப் போர்வைக்குக் கீழே கிடக்கும் புவிப்பாறையில் அவை அப்படி அமையா. விண்கற்களை எடுத்து நிலவுப்பாறை என்று ஏமாற்றியிருக்கலாமே என்பார்கள். விழும் விண்கல்லின் மேற்தோல் உருகிப் போய்விடுகிறது. சூரியத் துகள்கள் பதித்த மேலோட்டமான தடங்களும் அதோடு போய்விடும். எந்திரம் அனுப்பி அள்ளியிருக்கலாம் என்பது இதைவிட நல்ல ஆட்சேபம். சோவியத் ஒன்றியம் அப்படித்தான் அள்ளியது. மூன்று லூனா கலங்களில் மொத்தமே முந்நூறு கிராம் அளவு. ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அந்த வேறுபாட்டை அக்கால எந்திரக் கை எதுவும் ஈடுகட்டாது.

இந்த இடத்தில் ஒரு பலவீனமான சான்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நிலவில் வைத்த லேசர் எதிரொளிப்பான்களை மறுக்கமுடியாத ஆதாரமாகப் பலர் காட்டுகிறார்கள். ஆளில்லாத சோவியத் லூனகோது வண்டிகளும் அவற்றைச் சுமந்து சென்றன. எதிரொளிப்பான் கலம் இறங்கியதைக் காட்டும். மனிதன் இறங்கியதைக் காட்டாது.

மிஞ்சுவது, ‘எல்லாம் நாசா சொல்வதுதானே’ என்ற மறுப்பு. 2008 அக்டோபர் 22இல் புறப்பட்ட சந்திரயான்-1இன் நிலப்பரப்புக் கேமரா, அப்போலோ 15 இறங்கிய இடத்தில் எந்திரப் புகை மண்ணைக் கலைத்த ஒளிவட்டத்தைக் கண்டது. 5 மீட்டர் நுணுக்கமே கொண்ட அந்தக் கேமராவுக்குக் கலம் தெரியவில்லை. கலைந்த மண் தெரிந்தது. ஏறக்குறைய கால் மீட்டர் நுணுக்கம் கொண்ட சந்திரயான்-2இன் கேமரா, அப்போலோ 11இன் ஈகிள் விட்டுவந்த கீழ்ப்பகுதியையே 2021இல் படமெடுத்தது. அதற்கு முன்பு, 2019 செப்டம்பரில் அதே சந்திரயான்-2இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் விழுந்து நொறுங்கியிருந்தது. நாசா சுற்றுக்கலத்தின் படங்கள் எல்லோருக்கும் திறந்திருந்ததால், சென்னையிலிருந்தபடியே ஒரு பொறியாளர் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டு, முன்பு இல்லாதிருந்த ஒரு வெண்புள்ளியைக் கண்டுபிடித்தார். டிசம்பர் 2இல் நாசா அதை ஏற்று அறிவித்தது. அவர்கள் கலம் நம் சிதைவைக் காட்டியது, நம் கலம் அவர்கள் ஈகிளைக் காட்டியது. ஈகிள் படம் போலி என்பவர், தோல்வியை மறைக்க எல்லாக் காரணமும் இருந்த நாம் விழுந்த கதையைக் கூட்டுச் சேர்ந்து ஏன் ஜோடித்தோம் என்பதையும் விளக்கியாக வேண்டும்.