பாதிரிக்குடியார் காவல்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், வெட்டப்பெற்ற சாசனங்களைக் குடவோலைக்காகவே பலரும் நினைவுகூர்வர். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என ஊர்ப் பொதுவைச் சபையே காத்த செய்தியும் அவற்றில் உண்டு. இத்தகைய ஊர்க்காவலுக்குப் பாண்டிநாட்டுச் சமணக் குன்றொன்றிலும் சான்று இருக்கிறது.

மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த அரிட்டாபட்டியில், தமிழி எழுத்துப் பொறித்த குகைத்தளமும், பாறையில் புடைப்பாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் திருமேனியும் உள்ளன. திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி முனிவர் என்றும், அது பாதிரிக்குடியாரின் காவலுக்குரியது என்றும் அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு உரைக்கிறது.

நம் காலத்தில் மேலூர் வட்டாரக் குன்றுகள் பல கிரானைட்டுக்காக அறுக்கப்பட்டன. 2010இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் எழுந்து, மக்கள் எதிர்ப்பால் நின்றது. அவ்வாண்டு தோன்றிய பசுமை நடை, மக்களைச் சமண மலைகளுக்கு அழைத்துச் சென்று வரலாறு சொல்லியது. அரிட்டாபட்டியிலோ உழவர், பறவை ஆர்வலர், கல்வெட்டு ஆர்வலர் என வெவ்வேறு அக்கறையுடையோர் ஒரே மலைக்காகப் பேசினர்.

இக்கூட்டின் பயனை அறியச் சட்டத்தைச் சற்று நோக்க வேண்டும். மத்திய அரசு காக்கும் தொன்மைச் சின்னமொன்றைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. குகைக்கு அது போதும், மலைத்தொடருக்குப் போதாது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமோ, உள்ளாட்சிகளைக் கலந்து ஒரு நிலப்பரப்பையே மரபுத்தலமாக அறிவிக்க மாநில அரசுக்கு இடமளிக்கிறது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் 193 ஹெக்டேர் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. தமிழகத்தில் அதுவே முதலாவது. ராஜாளிகளோடு கற்படுகைகளும் அந்த அறிவிப்பில் இடம்பெற்றன. பறவைகளின் பெயரால் தீர்த்தங்கரரும் காக்கப்பெற்றார் எனலாம்!

ஈராண்டுக்குள் சோதனை வந்தது. 2024 நவம்பரில், அத்தலத்தையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் ஏல முடிவு வெளியானது. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவையும் ஒருமனதாக இயற்றியது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரைக்குப் பேரணியாகச் சென்றனர். தமிழ்ச் சமணர் பெரும்பாலும் வடமாவட்டங்களில் வாழ்கின்றனர். அங்கே மலைக்காக நடந்தவர்கள் மிகுதியும் பிற சமயத்து உழவர்களே. ஜனவரி 23 அன்று மத்தியச் சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது.