ஸ்டெம் செல் ஊசியால் ஆண்மைக் குறைவு சரியாகுமா? விளம்பரம் சொல்வதும் ஆய்வு சொல்வதும் - முழு விளக்கம்

"மாத்திரை வேண்டாம், ஆபரேஷன் வேண்டாம். உங்க உடம்புல இருந்தே எடுத்த செல்லை ஊசியா போட்டா போதும், பழையபடி ஆகிடலாம்." விறைப்புத்தன்மைக் குறைபாட்டுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்ற பெயரில் இப்படிப்பட்ட வாக்குறுதிகள் உலகம் முழுக்க விற்கப்படுகின்றன. வெளியே சொல்ல முடியாத பிரச்னை என்பதால், பலர் யாரிடமும் கேட்காமலேயே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

இந்தச் சிகிச்சை உண்மையில் வேலை செய்யுமா? இந்தியாவில் இதற்கு அனுமதி உண்டா? ஊசி போடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

விறைப்புத்தன்மைக் குறைபாடு என்றால் என்ன?

பேச்சுவழக்கில் ஆண்மைக் குறைவு என்று சொல்வதில் பல பிரச்னைகள் கலந்திருக்கின்றன. குழந்தையின்மை வேறு, விந்து சீக்கிரம் வெளியேறுவது வேறு. உடலுறவுக்குத் தேவையான அளவு விறைப்பு வராமல் இருப்பதும், வந்தாலும் நிலைக்காமல் போவதும் தொடர்ந்து நடந்தால் அதுதான் விறைப்புத்தன்மைக் குறைபாடு. களைப்பிலோ டென்ஷனிலோ எப்போதாவது ஒருநாள் நடப்பது நோய் கிடையாது.

இது அபூர்வமான பிரச்னையும் கிடையாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது வரையுள்ள ஆண்களிடம் நடத்தப்பட்டு 1994-ல் வெளியான ஆய்வில், 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இந்தக் குறைபாடு இருந்தது. அதாவது இரண்டு பேரில் ஒருவருக்கு.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

ஆணுறுப்புக்குள் பஞ்சு போன்ற திசு இருக்கிறது. பாலியல் உணர்வு தூண்டப்படும்போது அங்குள்ள நரம்புகளும் ரத்தக் குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும். அது தசைகளைத் தளர்த்தும், ரத்தம் பாய்ந்து பஞ்சுத் திசு நிரம்பும், விறைப்பு வரும். நைட்ரிக் ஆக்சைடு ரத்தக் குழாயைத் தளர்த்துகிறது என்பதைக் கண்டறிந்த 3 அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வயாகரா என்ற பெயரில் சில்டெனாஃபில் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் அதே 1998-ல்தான்.

நரம்பு, ரத்தக் குழாய், தசை, ஹார்மோன், மனம் என்ற இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பிரச்னை வரும். சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம், புரோஸ்டேட் புற்றுநோய் அறுவை சிகிச்சை, மனஅழுத்தம், சில மருந்துகள் எல்லாமே காரணமாகலாம்.

மாத்திரை இருக்கும்போது ஸ்டெம் செல் எதற்கு?

நியாயமான கேள்வி. சில்டெனாஃபில், டடாலஃபில் போன்ற மாத்திரைகள் அந்த நேரத்துக்கு ரத்த ஓட்டத்துக்கு உதவும். பழுதான நரம்பையோ ரத்தக் குழாயையோ சரிசெய்யாது. ஏறக்குறைய 3-ல் ஒருவருக்கு மாத்திரை போதிய பலன் தருவதில்லை. நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளும், புரோஸ்டேட் அறுவை சிகிச்சையில் நரம்பு பாதிக்கப்பட்டவர்களும் இதில் அதிகம்.

"அப்போ பழுதையே சரிசெய்ய முடியாதா?" என்ற கேள்வியில் இருந்துதான் மீளுருவாக்க சிகிச்சை என்ற யோசனை வந்தது. எலும்பு மஜ்ஜையில் இருந்தோ, வயிற்றுக் கொழுப்பில் இருந்தோ, தொப்புள்கொடி ரத்தத்தில் இருந்தோ செல்களைப் பிரித்தெடுத்து, ஆணுறுப்பின் பஞ்சுத் திசுவுக்குள் ஊசி மூலம் செலுத்துவார்கள்.

செலுத்திய செல்கள் புது நரம்பாகவும் புது ரத்தக் குழாயாகவும் வளர்ந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எலிகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டுவது வேறு. பெரும்பாலான செல்கள் அந்த இடத்தில் நீண்டநாள் தங்குவதே இல்லை. இருக்கும் கொஞ்ச காலத்தில் அவை சுரக்கும் புரதங்கள், பக்கத்தில் உள்ள நரம்பும் ரத்தக் குழாயும் தங்களைத் தாங்களே சரிசெய்துகொள்ளத் தூண்டுகின்றன என்பதே விஞ்ஞானிகளின் இப்போதைய விளக்கம். எலிகளிடம் பல ஆய்வுகளில் நல்ல பலன் கிடைத்தது உண்மை. ஆனால் எலிக்குப் பலித்தது எல்லாம் மனிதனுக்குப் பலிப்பதில்லை.

மனிதர்களிடம் என்ன பலன் கிடைத்தது?

2010: தென் கொரியாவில் சர்க்கரை நோயுள்ள 7 ஆண்களுக்குத் தொப்புள்கொடி ரத்த ஸ்டெம் செல் செலுத்தப்பட்டது. பெரும்பாலானவர்களுக்கு காலைநேர விறைப்பு திரும்பியது. ஆனால் உறவுக்கு அது மட்டும் போதவில்லை. மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தபோது 2 பேருக்கு மட்டுமே உறவு சாத்தியமானது.

2016: பிரான்ஸில், புரோஸ்டேட் அகற்றப்பட்ட 12 பேருக்கு அவர்களுடைய எலும்பு மஜ்ஜை செல்களே செலுத்தப்பட்டன. பெரிய பக்கவிளைவு இல்லை, சிலருக்கு முன்னேற்றம் தெரிந்தது.

2016: டென்மார்க்கில், அதேபோல புரோஸ்டேட் அகற்றப்பட்ட 17 பேருக்கு வயிற்றுக் கொழுப்பில் இருந்து எடுத்த செல்கள் செலுத்தப்பட்டன. 8 பேர் உறவில் ஈடுபடும் அளவுக்குத் தேறினார்கள். சிறுநீரை அடக்க முடியாத பாதிப்பும் சேர்ந்திருந்தவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை.

17-ல் 8 என்றால் நல்ல எண்ணிக்கைதானே என்று தோன்றும். இங்கதான் கவனிக்கணும். இந்த ஆய்வுகள் முதல்கட்ட ஆய்வுகள். ஊசி பாதுகாப்பானதா என்று பார்ப்பதுதான் அவற்றின் முக்கிய நோக்கம். ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் ஊசி போட்ட இன்னொரு குழு 2016-ன் இரண்டு ஆய்வுகளிலும் இல்லை. புரோஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நரம்புகள் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் வரை தானாகவே தேறிவரும். தேறிய 8 பேரில் எத்தனை பேர் ஊசியால் தேறினார்கள், எத்தனை பேர் இயல்பாகத் தேறினார்கள் என்று ஒப்பீட்டுக் குழு இல்லாமல் சொல்ல முடியாது.

உப்பு நீர் ஊசிக்கே பாதிப் பேர் தேறினார்கள்!

ஒப்பீட்டுக் குழு எவ்வளவு முக்கியம் என்பதை இன்னொரு ஊசி தெளிவாகக் காட்டியது. அதுதான் பி.ஆர்.பி. நோயாளியின் ரத்தத்தைச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பிளாஸ்மாவைப் பிரித்து, அதையே ஊசியாகப் போடுவார்கள். முடி கொட்டுவதற்கும் மூட்டு வலிக்கும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இது ஸ்டெம் செல் கிடையாது. ஆனாலும் மீளுருவாக்க சிகிச்சை என்ற ஒரே தலைப்பின்கீழ்தான் பல இடங்களில் விற்கப்படுகிறது.

2021-ல் கிரீஸில் 60 பேரிடம் நடந்த ஆய்வில், 6 மாதம் கழித்து பி.ஆர்.பி போட்டவர்களில் 69 சதவீதம் பேருக்கும், போலி ஊசி போட்டவர்களில் 27 சதவீதம் பேருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. பி.ஆர்.பி ஜெயித்துவிட்டது என்று பேசப்பட்டது.

2023-ல் அமெரிக்காவின் மியாமி பல்கலைக்கழக ஆய்வு வெளியானது. இதில் 61 பேர். யாருக்கு எந்த ஊசி என்பது நோயாளிக்கும் தெரியாது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், பி.ஆர்.பி போட்டவர்களில் 58 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். வெறும் உப்பு நீர் ஊசி போட்டவர்களில்? 54 சதவீதம். வித்தியாசம் பேருக்குத்தான்.

வெறும் உப்பு நீருக்குப் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தேறினார்கள் என்றால் என்ன அர்த்தம்? அவர்கள் பொய் சொல்லவில்லை. விறைப்பு என்பது மனதோடு நேரடியாகப் பிணைந்த விஷயம். சிகிச்சை எடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கையே பயத்தைக் குறைக்கும், பயம் குறைந்தால் விறைப்பும் மேம்படும். "எனக்கு ஊசி போட்டு சரியாச்சு" என்று ஒருவர் வீடியோவில் மனதாரச் சொல்லலாம். ஆனால் சரியானது அந்த ஊசி மருந்தால்தானா என்பதற்கு அந்த வீடியோ ஆதாரம் ஆகாது.

ஆபத்து ஏதும் இல்லையா?

சிறிய ஆய்வுகளில் பெரிய பக்கவிளைவு பதிவாகவில்லை. ஆனால் அவை கட்டுப்பாடான சூழலில், சில பத்துப் பேரிடம் நடந்தவை. அனுமதியில்லாத இடங்களில் செல்கள் எப்படிப் பிரிக்கப்படுகின்றன, கிருமி கலந்திருக்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை.

"உங்க சொந்த செல்தானே, என்ன ஆகப்போகுது?" என்ற வாதமும் தவறு. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 2015-ல் 3 பெண்களுக்கு அவர்களுடைய கொழுப்பில் இருந்தே எடுத்த செல்கள் கண்ணுக்குள் செலுத்தப்பட்டன. மூவரும் கடுமையான பார்வை இழப்புக்கு ஆளானார்கள். இந்தச் சம்பவம் 2017-ல் மருத்துவ இதழில் வெளியானது. அது கண், இது வேறு உறுப்பு என்றாலும், சொந்த செல் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்கு அது உதாரணம். புரோஸ்டேட் புற்றுநோய் வந்தவர்களைப் பொறுத்தவரை, வளர்ச்சியைத் தூண்டும் செல்கள் மிச்சமிருக்கும் புற்றுநோய் செல்களையும் தூண்டிவிடுமோ என்பது ஆய்வாளர்கள் கூடுதலாகக் கவனிக்கும் விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் விறைப்புத்தன்மைக் குறைபாட்டுக்கு எந்த ஸ்டெம் செல் தயாரிப்புக்கும் எஃப்.டி.ஏ அனுமதி தரவில்லை. ஸ்டெம் செல், பி.ஆர்.பி இரண்டுமே ஆய்வு நிலையில் உள்ளவை என்று அமெரிக்க யூராலஜி சங்கம் 2018 வழிகாட்டுதலில் வகைப்படுத்தியது.

இந்தியாவில் ஐ.சி.எம்.ஆரும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் கறாரானது. ரத்தப் புற்றுநோய் போன்ற ஏற்கப்பட்ட நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர, அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்கு வெளியே நோயாளிக்கு ஸ்டெம் செல் கொடுப்பது நெறிமீறல், முறைகேடான மருத்துவம் என்று அது சொல்கிறது.

விளம்பரத்துக்கும் தடை உண்டு. பாலியல் திறனை மேம்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடுக்கிறது.

யாராவது ஊசி போடச் சொன்னால் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. இது சிகிச்சையா, மருத்துவ ஆய்வா? ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண் என்ன? அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

2. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா? எழுத்துப்பூர்வ ஒப்புதல் படிவம் எங்கே?

3. பணம் எவ்வளவு? ஐ.சி.எம்.ஆர் நெறிமுறைப்படி, வழக்கமான சிகிச்சைச் செலவு தவிர, ஆய்வு தொடர்பான செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது. ஆய்வு என்று சொல்லிவிட்டு பேக்கேஜ் ரேட் பேசினால் எழுந்து வந்துவிடலாம்.

4. ஏதாவது விபரீதம் ஆனால் பொறுப்பு யார்? முறையான ஆய்வில் பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சையும் இழப்பீடும் தர விதி இருக்கிறது.

ஊசியை விட அவசரமான விஷயம்

ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலமே கொண்டவை. இதயத்தின் ரத்தக் குழாய்கள் 3 முதல் 4 மில்லிமீட்டர். கொழுப்பு படிந்தால் சிறிய குழாய் முதலில் அடைபடும். அதனால்தான் பலருக்கு விறைப்புப் பிரச்னை வந்து 2 முதல் 5 ஆண்டுகளுக்குள் இதய நோயின் அறிகுறிகள் தெரிகின்றன. சர்க்கரை நோய் இருப்பதே விறைப்புப் பிரச்னைக்காகப் பரிசோதிக்கும்போதுதான் சிலருக்குத் தெரியவரும்.

அதாவது இந்தக் குறைபாடு பல நேரங்களில் உடம்பு அடிக்கும் எச்சரிக்கை மணி. சர்க்கரை கூட பார்க்காமல் நேராக ஊசி போடும் இடத்துக்குப் போனால், பணம் மட்டும் போகாது. மாரடைப்பைத் தடுக்கக் கிடைத்த அவகாசமும் போய்விடும்.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில் ரத்த சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், தேவைப்பட்டால் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பாருங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். புகைப்பதை விடுவதும், தினசரி நடைப்பயிற்சியும், எடையைக் குறைப்பதும் நேரடியாக உதவும்.

மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கிப் போட வேண்டாம். நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இதையும் சேர்த்துப் போட்டால் ரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாத்திரை கேட்காதவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. வெற்றிடக் கருவி, உறவுக்கு முன் போட்டுக்கொள்ளும் அல்ப்ரோஸ்டாடில் ஊசி, உள்ளே பொருத்தும் செயற்கைக் கருவி என நீண்டகாலமாகப் பயன்பாட்டில் உள்ள வழிகள் இருக்கின்றன. மனம்தான் காரணம் என்றால் தம்பதியாக ஆலோசனை பெறுவது நல்ல பலன் தரும்.

ஸ்டெம் செல் நாளை ஒருநாள் உண்மையான சிகிச்சையாக மாறலாம். அதற்கு நூற்றுக்கணக்கானவர்களிடம், போலி ஊசியோடு ஒப்பிட்டு, சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் வர வேண்டும். அதுவரை இதற்குக் காசு கேட்பவரிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள். கூச்சத்தை விட்டு ஒரு பொது மருத்துவரையோ யூராலஜிஸ்ட்டையோ பாருங்கள். அவர்கள் தினமும் கேட்கும் பிரச்னைதான் இது.