சிவன் அமல்பொடியும் அட்ரினலின் பையும்

1/ வாசுதேவநல்லூர்ல மதுரை–தென்காசி ரோட்டைக் கடக்கிறீங்க. பின்னாடி திடீர்னு ஒரு பஸ் ஹாரன். திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள நெஞ்சு படபடன்னு அடிக்குது. இதுல அட்ரினலினுக்கும் பங்கு இருக்கு. ஆனா அது அந்த நொடியில தயாரானது இல்லை. முன்னாடியே தயாரிச்சு, பையில கட்டி வச்சது. அந்தப் பையோட வரலாறுதான் இந்த த்ரெட். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுல விளையிற ஒரு வேருக்கும் இதுல பெரிய பங்கு இருக்கு.

2/ சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறது அட்ரினல் சுரப்பி. அதோட உட்பகுதி செல்களுக்குள்ள அட்ரினலின் எங்கே இருக்கு? சும்மா கரைஞ்சு கிடக்கா? 1953-ல ஆக்ஸ்ஃபோர்டுல பிளாஷ்கோவும் வெல்ச்சும், ஸ்வீடன்ல ஹில்லார்ப் குழுவும் தனித்தனியா விடை சொன்னாங்க. மாட்டு அட்ரினலை அரைச்சு, வேகமா சுழல விட்டா, அட்ரினலின் பெரும்பாலும் நுண்துகள்களோட சேர்ந்து அடியில படியுது. அந்தத் துகள்கள்தான் வெசிக்கிள், அதாவது சவ்வால ஆன குட்டிப் பை.

3/ ஒரு மில்லிமீட்டர்ல 3,000 பையை வரிசையா வைக்கலாம், அவ்வளவு சின்னது. ஆனா உள்ளே அட்ரினலின் ரொம்ப அடர்த்தி. அப்படியே கரைசலா இருந்தா தண்ணியை இழுத்துப் பை வெடிச்சிடும். அதனால ஏடிபி, குரோமோகிரானின் புரதம் இதுங்களோட பிணைஞ்சு கெட்டியா இருக்கு. நம்ம ஊர்ல பதநீரை அப்படியே வைக்காம, கருப்பட்டியாக் காய்ச்சி ஓலைக்கொட்டான்ல அடைக்கிறோம்ல, அது மாதிரி.

4/ வெளியே வர்றது எப்படி? நரம்பு அசிட்டைல்கோலின் விடுது, செல்லுக்குள்ள கால்சியம் பாயுது, பை செல்லோட சவ்வுல ஒட்டித் திறந்து உள்ளதை ரத்தத்துல கொட்டுது. கால்சியம் இல்லைன்னா அசிட்டைல்கோலின் கொடுத்தாலும் அட்ரினலின் வராதுன்னு 1961-ல டக்ளஸும் ரூபினும் பூனை அட்ரினல்ல காட்டினாங்க.

5/ இப்ப வேருக்கு வருவோம். தமிழ்ல சிவன் அமல்பொடி, வடமொழியில சர்ப்பகந்தா. 1931-ல கல்கத்தாவுல கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இது பிபியைக் குறைக்குது, மனநோய்ல வர்ற கொந்தளிப்பை அடக்குதுன்னு எழுதினாங்க. வெளிநாட்டுல பெருசா யாரும் கண்டுக்கலை.

6/ 1949-ல பம்பாய் டாக்டர் ரஸ்டம் ஜால் வகீல், பிபி நோயாளிகள்கிட்ட இதைக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்ல வெளியிட்டார். அப்பதான் உலகம் திரும்பிப் பார்த்துச்சு. 1952-ல சுவிட்சர்லாந்தோட சிபா கம்பெனி வேர்லிருந்து ரெசர்பினைப் பிரிச்சு எடுத்தது. 1957-ல வகீலுக்கு லாஸ்கர் விருது.

7/ மருந்து வேலை செய்யுது சரி, எப்படி? 1956-ல கார்ல்சனும் ஹில்லார்ப்பும் முயலுக்கு ரெசர்பின் கொடுத்தாங்க. அட்ரினல்ல இருந்த சரக்கு காலி! காரணம் பின்னாடி புரிஞ்சது. பையோட சவ்வுல ஒரு பம்ப் இருக்கு. வெளியே கசியிற சரக்கைத் திரும்ப உள்ளே ஏத்துறது அதுதான். ரெசர்பின் அந்தப் பம்பை அடைச்சிடுது. வெளியே நிக்கிறதை செல்லோட நொதிகள் சிதைச்சிடும். நரம்பு நுனியிலயும் இதே மாதிரிப் பை உண்டு. பிபி இறங்குறது முக்கியமா அங்கே சரக்கு தீர்றதாலதான்.

8/ அதே பம்ப் மூளையிலயும் இருக்கு. அதனாலதான் அதிக டோஸ் எடுத்த சிலருக்கு மனச்சோர்வு வந்ததா 1950-கள்லயே டாக்டர்கள் எழுதினாங்க. குணமும் பக்கவிளைவும் ஒரே பூட்டுலேர்ந்து வருது. பிறகு நல்ல மருந்துகள் வந்ததும் ரெசர்பின் பின்வரிசைக்குப் போச்சு.

9/ இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்? "மாத்திரையை நிறுத்திட்டு வேர்ப்பொடி சாப்பிடுறேன் டாக்டர், இயற்கைதானே"ன்னு கேட்கிறவங்க இன்னைக்கும் இருக்காங்க. வேர் பொய் இல்லைங்க. உண்மையிலேயே வேலை செய்யுது, அதனாலதான் பயம். ஒரு ஸ்பூன் பொடியில எவ்வளவு ரெசர்பின் இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாத்திரையோட சேர்ந்தா பிபி ரொம்ப இறங்கலாம், மாத்திரையைத் திடீர்னு விட்டா எகிறலாம். ஏற்கெனவே மனச்சோர்வு இருக்கிறவங்க தொடவே கூடாது.

10/ நம்ம பாட்டன் பூட்டன் கண்டுபிடிச்ச வேர்தான் அட்ரினலின் பையோட பூட்டை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்துச்சு. அதுல பெருமைப்படுங்க, தப்பே இல்லை. ஆனா வீட்டுல யாராவது ரகசியமா பொடி சாப்பிட்டா, திட்டாதீங்க. பொடியையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கிட்டு அவங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.