மயிலைத் திருத்தலங்களும் கன்னியர் மடங்களும்

மயிலாப்பூர் என்றதும் கபாலீசுவரர் கோபுரமும் மாடவீதிகளும் நம் சிந்தையில் எழுவது இயல்பே. ஆயினும் அதே ஊரின் கீழ்த்திசையில், கடலை ஒட்டிய சாந்தோமில், கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாக யாத்திரை வந்து வணங்கும் சமாதி ஒன்றும் உண்டு. இயேசுநாதரின் பன்னிரு சீடருள் ஒருவரான அர்ச்சிஷ்ட தோமையார் பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு உயிர்நீத்து, இங்கே அடக்கம் பெற்றார் என்பது பரம்பரையாக வழங்கிவரும் ஐதிகம். அச்சமாதியின் மீது போர்த்துக்கீசியர் எழுப்பிய பழைய கோயில் இருந்த இடத்தில்தான், 1896-ஆம் ஆண்டு அபிஷேகம் பெற்ற இன்றைய தேவாலயம் வானளாவ நிற்கின்றது. சற்றே மேற்கில், 1516 என்னும் ஆண்டு பொறித்த கல்வெட்டினை உடைய பிரகாச மாதா ஆலயம், முன்னாளில் தன்னைச் சூழ்ந்திருந்த வனத்தின் நினைவாகக் காட்டுக்கோயில் என்றே ஜனங்களால் அழைக்கப்பெறுகின்றது.

சாந்தோம் துறையைப் போர்த்துக்கீசியர் 1662-இல் கோல்கொண்டா சுல்தானிடம் இழந்தனர். பின்னர் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இக்கரையை ஆண்டு அகன்றனர். ஆட்சிகள் மாறிய இந்த வரலாற்றில் சீடர், துறவியர், மேற்றிராணியார் ஆகிய ஆடவரின் நாமங்களே மிகுதியாகக் காணப்படுகின்றன. தலங்களின் மகிமையைத் தம் உழைப்பால் வளர்த்த கன்னியரின் சரித்திரமோ போதிய அளவு பேசப்படவில்லை.

1842-ஆம் ஆண்டிலேயே அயர்லாந்திலிருந்து காணிக்கை மாதா சபைக் கன்னியர் சென்னைக்கு வந்து, பெண்மக்களின் கல்விக்கு வித்திட்டனர். மற்றொரு பெரிய சபை நம் மண்ணிலேயே பிறந்தது. பிரான்சு தேசத்து நாந்து நகரில் 1839-இல் பிறந்து, 1865-இல் மதுரை மிஷனுக்கு வந்த பாடுகளின் மரியன்னை, தாம் சார்ந்திருந்த சபையில் நேர்ந்த பிணக்கின் காரணமாகச் சகோதரியர் சிலருடன் உதகமண்டலம் சென்று, 1877-இல் பாப்பரசரின் அங்கீகாரத்துடன் ஒரு புதிய சபையை நிறுவினார். பின்னர் பிரான்சிஸ்கு முனிவரின் மரபைத் தழுவிய அச்சபை, மரியாயின் பிரான்சிஸ்கன் மிஷனரிக் கன்னியர் சபை என்னும் பெயரோடு கண்டங்கள் பலவற்றிலும் பரவியது.

இச்சபையினர் மயிலைத் தோமையார் மடத்தின் வளாகத்தில், ஒரு சிறிய மாடிக் கட்டடத்தில், முப்பத்திரண்டு மாணவியருடன் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தொடங்கிய நாள் 1947 ஆகஸ்டு 15! அந்நிய ஆட்சி விடைபெற்ற அதே தினத்தில், அந்நிய நாட்டு மாது ஒருவர் நிறுவிய சபை, சுதந்திர பாரதத்தின் புதல்வியர்க்கு உயர்கல்வியின் வாயிலைத் திறந்துவைத்தது என்பது நாம் ஊன்றிச் சிந்திக்கத்தக்கது. கல்லூரி 1960-இல் கதீட்ரல் சாலைக்குப் பெயர்ந்தது. தியாகராய நகரிலும் ஹோலி ஏஞ்சல்ஸ் பள்ளியை இச்சபையினரே நடத்தி வருகின்றனர்.

ஒரு தலத்தின் புனிதம் அங்கே அடக்கமானவரின் பெருமையால் மட்டும் நிலைபெறுவதன்று. அவர் பெயரால் பிறர்க்குச் செய்யப்படும் தொண்டினாலேயே அது தலைமுறைதோறும் புதுப்பிக்கப்படுகின்றது. ஆதலின் மயிலையின் தேவாலயங்களைப் பற்றி எழுதப் புகுவோர், அவற்றின் அருகிருந்த மடங்களில் வாழ்ந்து, தம் பெயரை எந்தக் கல்லிலும் பொறித்துக்கொள்ளாத அக்கன்னியரின் சரித்திரத்தையும் அதே சிரத்தையோடு எழுதுதல் நம் கடமையாகும்.