இளவட்டக்கல் முதல் ஒரு கிலோ டம்பெல் வரை: எடைப்பயிற்சியில் முதல் படியின் வரலாறு

டெல்லி மேம்பாட்டு ஆணையத்தின் குடியிருப்புப் பகுதியாக வளர்ந்த ஜனக்புரியில், அரசுப் பணியின் பொருட்டுத் தலைநகர் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல வேரூன்றின. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளுள் ஒன்று அங்கு இயங்குவது இதற்குச் சான்று. 1970களில் இளைஞர்களாகக் குடியேறியோர் இன்று எழுபதை எட்டியோ கடந்தோ இருக்கின்றனர். காலை நடையைத் தவறவிடாத இத்தலைமுறையினர் பலருக்கும், எடை தூக்குவது வலுவுள்ள இளைஞர்க்கு மட்டுமே உரியது என்பது எண்ணம். அவ்வெண்ணத்திற்கு நெடிய வரலாறு உண்டு.

தென்தமிழகச் சிற்றூர்களில் இன்றும் கிடக்கும் இளவட்டக்கல்லைக் கருதலாம். வழவழப்பான உருண்டைக் கல். பிடிக்க விளிம்பு கிடையாது. குந்தி அமர்ந்து அதை அணைத்து, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் ஏற்றி, தோள்வழியே பின்புறம் வீழ்த்துவது மரபு. திருமணத்திற்குரிய வலிமையை மெய்ப்பிக்கும் சோதனையாக அது பேசப்பட்டது. கல்லின் எடை மாறாது. தூக்குபவனே அதற்குத் தக்கவனாக வரவேண்டும். வலுவை அளக்க அது உதவியது. வலுவற்றவன் தொடங்குவதற்கான படி அதில் இல்லை.

அப்படியை அமைத்தது, எடையைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் பார்பெல். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆலன் கால்வெர்ட் 1902இல் தொடங்கிய மைலோ பார்பெல் நிறுவனம் அதனைப் பரவலாக விற்றது. கன்றுக்குட்டியை நாள்தோறும் சுமந்து, அது காளையானபோதும் சுமந்ததாகக் கிரேக்கர் கதை சொல்லும் மல்லன் மைலோவின் பெயரே அந்நிறுவனத்திற்கு வாய்த்தது பொருத்தமே.

இந்தியாவில் இக்கலையைப் பரப்பியோருள் பெங்களூரின் கே. வி. ஐயர் முதன்மையானவர். ஹெர்குலிஸ் ஜிம்னாசியத்தை நடத்திய அவர், பார்பெல் பயிற்சியோடு சூரிய நமஸ்காரத்தையும் இணைத்தார். அஞ்சல்வழியாகவும் பாடம் நடத்தினார். ஆயினும் அக்காலத்து இலட்சியம் சிலைபோன்ற இளமேனியாகவே இருந்தது.

இரண்டாம் உலகப்போர் இந்நிலையை மாற்றியது. காயமுற்ற வீரர்களின் முழங்கால் தசைகள் நலிந்துவிட, அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் அவர்களுக்கு எடைப்பயிற்சி அளித்து, 1945இல் முடிவுகளை வெளியிட்டார். பின்னர் அவரும் ஆர்தர் வாட்கின்ஸும் வகுத்த முறை எளியது. ஒருவர் பத்து முறை மட்டுமே தூக்கவல்ல எடையைக் கண்டறிய வேண்டும். அதில் பாதியைப் பத்து முறை, முக்காலைப் பத்து முறை, முழு எடையைப் பத்து முறை தூக்க வேண்டும். பத்து எளிதானதும் எடையைச் சற்றே கூட்ட வேண்டும். அளவுகோல் கல்லிலிருந்து மனிதனுக்கு மாறியது இங்குதான்.

அதன் வீச்சை 1990இல் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் காட்டினர். பாஸ்டனில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த, தளர்ந்த உடலினரான பத்துப் பேர் கண்காணிப்புடன் பயிற்சியில் இறங்கினர். சராசரி வயது 90. எட்டு வாரங்களை நிறைவுசெய்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. முதுமையில் தசை வலிமை என்பது கழிவறையிலிருந்து துணையின்றி எழுவதையும், படியேறுவதையும், தடுமாறும்போது விழாமல் நிற்பதையும் குறிக்கும். நடை மட்டும் இதனைத் தராது. ஆகவேதான் உலகச் சுகாதார நிறுவனம், வாரத்தில் இரு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியைப் பெரியவர் அனைவர்க்கும் பரிந்துரைக்கிறது.

டெல்லிப் பூங்காக்களில் நிறுவப்பட்டுள்ள திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளுள் பல, பயன்படுத்துபவரின் உடல் எடையையே சுமையாகக் கொள்பவை. படிப்படியாகக் கூட்டும் வசதி அவற்றில் குறைவு. ஒரு லிட்டர் நீர் நிரம்பிய புட்டியோ ஏறத்தாழ ஒரு கிலோ. நீரைக் குறைத்தால் எடையும் குறையும். நாற்காலியில் அமர்ந்து எழுவதும், சுவரில் கையூன்றித் தள்ளுவதும், அப்புட்டியைத் தூக்கி இறக்குவதும் தொடக்கத்திற்குப் போதும். மூச்சை அடக்காது, ஒருநாள் இடைவெளி விட்டுச் செய்தல் நன்று. இதயநோயோ கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமோ உடையோர் முதலில் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

இளவட்டக்கல்லுக்கு முன் நிற்க வலிமை முன்னரே வேண்டியிருந்தது. ஒரு கிலோ புட்டி அதைக் கேட்பதில்லை.